நாத்தனாரின் ஓரப்பார்வை

நான் வீடு திரும்பிய அன்று கதவைத் திறந்தவள் என் தங்கை. மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறாள், கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்துப் பையைக் கீழே வைத்தேன். அவளோ என் தோளுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"தனியாத்தான் வந்தியா?"

"பின்னே, ஊர்வலமா வருவாங்க?"

"சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லடி. சுத்தினது போதும்னு தோணிச்சு."

"உனக்கு? போதும்னு?"

தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோய் என்னைப் பார்த்தாள். எனக்கே நான் எதையோ மறைக்கிறேனோ என்று தோன்றிவிட்டது. அவள் குரலைக் கேட்டே உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "ஏய் சின்னது, அந்தப் பார்வையை ஷூட்டிங்லயே விட்டுட்டு வான்னு எத்தனை தடவ சொல்றது? யாரு வாசல்ல?"

அந்தப் பார்வைதான் அவள் தொழில். தினமும் மாலையில் ஓடும் ஒரு சீரியலில், அண்ணியை எந்நேரமும் சந்தேகப்படும் நாத்தனார் அவள். அண்ணி போன் பேசினால் கதவோரம் நிற்பாள். அண்ணி சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று பார்ப்பாள். அம்மா ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அங்கே வருகிற பெண்கள் தாளை நீட்டும்போதே சண்டைக்கும் வருவார்கள். "உங்க பொண்ணு அந்தப் பாவப்பட்டவ மேல இப்படிச் சந்தேகப்பட்டா உருப்படுவாளா?" அம்மா மெஷினைத் தட்டிக்கொண்டே சொல்வாள்: "கதை எழுதுறவங்களைப் போய்க் கேளுங்கம்மா. ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

நான் ஊர் ஊராகப் போய் ஓட்டல்களில் படுக்கை விரித்தும், தோட்டங்களில் பழம் பறித்தும், ஒரு கப்பலின் சலவை அறையில் ஈரத் துண்டுகளோடு மல்லுக்கட்டியும் கழித்த காலத்தில்தான் அவள் நடிகையானாள். எனக்குச் செய்தி துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. முழுசாகக் கேட்டபோதுதான், சின்ன வயதில் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவளாக இருந்தவளுக்கு இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

முதல் வாய்ப்பு ஒரு சோபாக் கடை விளம்பரம். ஊர் முழுக்கப் பெரிய பலகைகளில் வைப்போம் என்றார்கள். காலையிலிருந்து மாலை வரை சோபாவில் சாய்ந்தும் நிமிர்ந்தும் கால்மேல் கால் போட்டும், கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலகை வந்ததும் அம்மா கடையைப் பூட்டிவிட்டுப் பார்க்கப் போனாள். சோபா முழுசாக இருந்தது. சின்னது கழுத்து வரைக்கும் இருந்தாள். "அந்த முழங்கால் என் பொண்ணோடது" என்று அம்மா போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினாளாம்.

அடுத்தது ஒரு சினிமா. கதாநாயகியின் தோழிகளில் ஒருத்தி. "டீச்சர் வர்றாங்க" என்று ஒரே ஒரு வசனம். அதைக் குளியலறையில் பயந்துபோயும், மாடியில் கிண்டலாகவும், சாப்பிடும்போது ரகசியமாகவும் சொல்லிப் பார்த்தாள். படம் வெளியான அன்று அம்மா பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனாள். டீச்சர் வந்தார். வருவதாக யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து பாடம் நடத்திவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு எந்த வாய்ப்பு வந்தாலும் இவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "தலை வருமா?"

சீரியலில் அவளுக்குக் கொடுத்தது கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிற வேடம். முதல் நாள் எல்லோரும் கூடத்தில் நிற்கும் காட்சி. தான் ஓரத்தில் நிற்பதால் காமிராக்காரர் தன்னை வெட்டிவிடுவார் என்று இவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வெட்டுகிறாரா என்று காட்சி முழுக்க ஓரக்கண்ணால் அவரையே கவனித்துக்கொண்டிருந்தாள். மானிட்டரில் அதைப் பார்த்த டைரக்டர் எழுந்துவிட்டார். "யாருய்யா அந்தப் பொண்ணு? வீட்ல எவனோ எதையோ திருடிட்ட மாதிரி பார்க்குது!" அந்தப் பார்வைக்காகவே கதை எழுதினார்கள். நாத்தனார் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

நான் வந்த வாரம் அவளுக்கு ஒரு படம் வந்திருந்தது. கதாநாயகியின் தங்கை. படத்தில் பாதி நேரத்துக்கு மேல் வருகிறாள், அழுகிறாள், ஓடுகிறாள், கடைசியில் அக்காவைக் காப்பாற்றுகிறாள். தலை வருமா என்று கேட்டதற்கு, போஸ்டரிலேயே வரும் என்று சொல்லியிருந்தார்கள். படப்பிடிப்பு அடுத்த மாதம், ஒரு கடலோர ஊரில், முழு மாதமும் அங்கேயே தங்கி.

சிக்கல் சீரியலில் இருந்தது. அங்கே மேனேஜர் ஒருவர். நாள், டீ, ஆள் எதைக் கொடுத்தாலும் வெட்டித்தான் கொடுப்பார் என்பதால் அவருக்குக் கத்திரி என்று பெயர். படத்துக்காக லீவு கேட்டவர்களிடம் அவர் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார். சிரித்துக்கொண்டே, "போய்ட்டு வாம்மா" என்பார். மறுவாரமே கதையில் அந்த ஆள் வெளிநாடு போய்விடுவார், திரும்பி வரமாட்டார். டிரைவரின் மனைவியாக நடித்த பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. அவள் போன படமும் பாதியில் நின்றுபோனது.

"படம் வரும், வராமலும் போகும்" என்றாள் சின்னது. "சீரியல் இருந்தாத்தான் நான் நடிகை. இல்லேன்னா முழங்கால்தான். எனக்கு ரெண்டும் வேணும்க்கா."

"எப்படி?"

"தெரியல. யாருக்கும் தெரியாம இருக்கற வரைக்கும் யோசிக்கலாம்." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தர்கிட்ட மட்டும் உளறிட்டேன்."

உளறியது மாமியாரிடம். சீரியலில் இவளுக்கு அம்மாவாக, அண்ணிக்கு மாமியாராக வருகிறவர். படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவர் மாமியாரம்மா. இவள் மட்டும் அம்மா என்று கூப்பிடுவாள், அதில் எங்கள் அம்மாவுக்கு இன்னும் வருத்தம். மேக்கப் அறையில் இரண்டு பேரும் கண்ணை மூடிப் படுத்திருந்த நேரத்தில், கண் மூடியிருந்த தைரியத்தில் சொல்லிவிட்டாளாம். அவர் "அப்படியா, சந்தோஷம்" என்று மட்டும் சொன்னாராம்.

"அது என்ன சந்தோஷம்? வேற ஒண்ணும் கேக்கல. எந்தப் படம்னுகூட கேக்கல. கேக்காதவங்களைத்தான் நம்பக் கூடாது."

மறுநாள் நானும் கூடப் போனேன். படப்பிடிப்பு நடப்பது வாடகைக்கு எடுத்த ஒரு பழைய பங்களாவில். கீழ்க் கூடம்தான் குடும்பம் வாழும் வீடு. மாடி அறையில் பச்சைத் திரை தொங்கினால் ஆஸ்பத்திரி, மேசையைத் திருப்பிப் போட்டால் போலீஸ் ஸ்டேஷன். புது இடத்தில் நுழைந்தால் வெளியே போகும் வழியை முதலில் பார்த்து வைப்பது எனக்குப் பழக்கம். பின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

மதியம் டைரக்டர் வேறு வேலையாகப் போய்விட்டார், கத்திரியும் இல்லை. அசோசியேட், அதாவது டைரக்டருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் இளைஞர், சின்னதைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு உனக்கு டயலாக் கிடையாது. எக்ஸ்பிரஷன் மட்டும்."

"எந்த சீனுக்கு?"

"சீன் எதுக்கு? கதவோரம் நில்லு. சந்தேகமா பாரு. உனக்குச் சொல்லியா தரணும்?"

எதிரே ஆள் இல்லாமல், ஒருவர் முகத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்தான். எடிட்டிங்கில் எங்காவது செருகிக்கொள்வார்கள். ஆனால் அன்று நடந்தது வேறு மாதிரி இருந்தது. கதவோரம் பார்த்தாள். படியில் நின்று பார்த்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். போனைக் காதில் வைத்து "ம்ம்" என்றாள். உடையை மாற்றச் சொன்னார்கள். மறுபடி கதவு, படி, ஜன்னல். மறுபடி உடை. உடைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் மாமியாரம்மா. அன்று அவருக்குக் காட்சியே இல்லை. ஆனாலும் மானிட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தப் பச்சையைப் போட்டு ஒண்ணு எடுத்துக்கோ தம்பி, அது இன்னும் வரல" என்று அசோசியேட் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னது உடை மாற்றப் போகிற சாக்கில் என்னிடம் வந்தாள்.

"எதுக்குக்கா இத்தனை எடுக்கறாங்க?"

"நல்லா பண்றேன்னு எடுக்கறாங்களோ என்னவோ."

"டிரைவர் பொண்டாட்டியையும் இப்படித்தான் நிக்க வெச்சு எடுத்தாங்க. அழு, சிரி, திரும்பிப் பாருன்னு. அவளும் சந்தோஷமா கொடுத்துட்டுப் போனா. அப்புறம் அவ போயே போய்ட்டா, அவ மூஞ்சி மட்டும் ஞாபகம் வர்ற மாதிரி ஒரு மாசம் ஓடிச்சு." மானிட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "என்னைச் சேமிச்சு வெச்சுக்கறாங்கக்கா."

எனக்கும் சரியாகப் படவில்லை. மாமியாரம்மா இவளைப் பார்க்கும்போது சிரிக்கவில்லை. மானிட்டரைத்தான் பார்த்தார். இவள் நெருங்கினால் பேச்சை நிறுத்தினார்.

அதைவிட மோசமானது அந்த வாரக் கடைசியில் நடந்தது. பின் கதவு வழியாக ஒரு புதுப் பெண் வந்தாள். சின்னது உயரம், சின்னது உடம்பு. மாமியாரம்மா அவளை உடை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அந்தப் பெண் சின்னதின் பச்சை உடையில் இருந்தாள். கூந்தலைக்கூட அதே மாதிரி வாரியிருந்தார்கள். காமிராவுக்கு முதுகைக் காட்டி அவள் படியேறினாள், இறங்கினாள், கதவைச் சாத்தினாள்.

சின்னது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஓரப்பார்வையெல்லாம் இல்லை, முழுக்கண்ணால் பார்த்துவிட்டு என்னிடம் இறங்கி வந்தாள்.

"என் டிரஸ்ஸு."

"இருடி, முதல்ல கேளு."

"யாரைக் கேக்கறது? அவங்களையா? மகளே மகளேன்னு கூப்பிட்டுக்கிட்டே கத்திரிகிட்டப் போட்டுக் கொடுத்திருக்காங்க."

அவள் கத்திரியைத் தேடிப் போனாள், நான் பின்னாலேயே போனேன். படிக்கட்டுக்கு அடியில்தான் கத்திரியின் அறை. அப்போதுதான் வெளியிலிருந்து வந்தவர் ஒரு பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். லைட் பிடிக்கிறவர்கள், மேக்கப்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி என் தங்கை பேசினாள்.

"என்னைத் தூக்கறதா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க சார். எனக்குத் தெரியாம ஆள் கொண்டாந்து, என் டிரஸ்ஸைப் போட்டு ஒத்திகை பார்க்காதீங்க. எனக்கும் படம் இருக்கு. அடுத்த மாசம் கிளம்பறேன். நீங்க தூக்க வேணாம், நானே போறேன்!"

பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது.

"எந்த ஆளு?" என்றார் கத்திரி. "எந்தப் படம்?"

அந்த வீட்டில் நடிக்கத் தெரியாத ஒரே மனிதர் அவர். அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சின்னதும் அதைப் படித்துவிட்டாள்.

அசோசியேட்டைக் கூப்பிட்டார் கத்திரி. வந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமியாரம்மாவை யாரும் கூப்பிடவில்லை, அவரே வந்தார்.

"அந்தப் பையனைக் கேக்காதீங்க. நான்தான் பண்ணச் சொன்னேன்" என்றார். "இவ ஒரு மாசம் கடலோரம் போய்ட்டு வரட்டும். கதவுகிட்ட நிக்கறதும் படியில நிக்கறதும் இப்பவே எடுத்து வெச்சாச்சு. நடக்கறது போறதுக்கு இந்தப் பொண்ணு முதுகு இருக்கு. அரை நிமிஷம் மூஞ்சி, அரை நிமிஷம் முதுகுன்னு செருகிக்கிட்டே போனா நாத்தனார் தினமும் வீட்லயேதான் இருப்பா. பார்க்கறவங்களுக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

கடைசி வாக்கியத்தை மட்டும் என் தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

கத்திரி கத்தவில்லை. டீயில் மிதந்த பிஸ்கட்டைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, "படமா, சீரியலா? இப்பவே சொல்லு" என்றார்.

சின்னது என்னைப் பார்த்தாள், மாமியாரம்மாவைப் பார்த்தாள். "ரெண்டும்" என்று சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன். அது இனி நடக்காது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

"படம்."

"போய்ட்டு வாம்மா" என்று சிரித்தார் கத்திரி.

மறுவாரக் கதையில் நாத்தனாருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அசோசியேட்டைக் காலையில் ஓடும் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது பொம்மைகளுக்கு எக்ஸ்பிரஷன் சொல்லிக் கொடுக்கிறாராம். மாமியாரம்மாவை மட்டும் கத்திரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீடு இருந்தால் மாமியார் வேண்டுமே.

கத்திரியிடம் கத்திய அன்று மாலையே, வீட்டுக்கு வண்டி ஏறுமுன் சின்னது மேக்கப் அறைக்குப் போனாள். மாமியாரம்மா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நெற்றியில் பூசியதைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா? வாயெல்லாம் பல்லா வந்து நிப்பே. நன்றி சொல்ற மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் எந்தக் கதவுல செருகறது? உனக்கு வர்றது ஒரே ஒரு பார்வை. அது நிஜமா வந்தாத்தான் வருது." பஞ்சைத் தூக்கிப் போட்டார். "நல்ல மனசுன்னெல்லாம் நினைச்சுக்காதே. நீ போய்ட்டா நான் யாரோட சேர்ந்து அந்த அண்ணிக்காரியைக் கவுக்கறது? தனியா நின்னா கதையில என்னைத் திருத்திடுவானுங்க. திருந்தின மாமியாருக்கு என்னடி வேலை?"

சின்னது அழுதாள். அவர் ஒரு புதுப் பஞ்சை எடுத்து நீட்டினார். "மையை நல்லா துடைச்சுட்டு அழு. அங்கேயாவது யாரையாவது நம்பு."

வீடு வந்து சேர்ந்தோம். மாடிப்படி ஏறும்போது சின்னது, "பஞ்சு நீட்டினாங்களே, அதுல ஒண்ணும் இல்லையே?" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அவள் இப்போது கடலோரத்தில் இருக்கிறாள். படம் நிஜமாகவே நடக்கிறது. நேற்று போன் செய்தாள். "காமிராமேன் ரொம்ப மரியாதையா பேசறாருக்கா. சாப்பிட்டியான்னு கேக்கறாரு. என்னமோ இருக்கு." தலை வருகிறதா என்று கேட்டேன். மானிட்டரைப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்களாம், அதுவும் ஏன் என்று தெரியவில்லையாம்.

நானும் அம்மாவும் மாலையில் கடையை அடைத்துவிட்டு வந்து சீரியல் பார்க்கிறோம். என் பை கட்டிலுக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கிறது. அம்மா அதைக் காலால் ஒருமுறை உதைத்துப் பார்த்து, "எப்போ கிளம்பறே?" என்கிறாள். நம்பவில்லை என்று அர்த்தம்.

எடுத்து வைத்த காட்சிகளை வீணாக்கக் கத்திரிக்கு மனம் வரவில்லை. அண்ணி ஏதாவது செய்தால், வெளிநாடு போன நாத்தனாரின் நினைவு அவளுக்கு வருகிறது. உடனே கதவோரம் சின்னது. ஜன்னலில் சின்னது. படியில் சின்னது. பயந்தது போலவே நடக்கிறது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள், "போன பிறகும் விடமாட்டேங்குறாளே உங்க பொண்ணு" என்கிறார்கள். இதுவரை செய்ததிலேயே அந்தப் பச்சை உடைப் பார்வைதான் சிறந்தது என்று ஒரு பெண்மணி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

நேற்றும் அது வந்தது. காமிராவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம், ஆள் உட்கார்ந்தால் இருக்கிற உயரத்தில், உள்ளே எதையோ உறுதி செய்துகொண்டு பார்க்கிறாள். திரையில் அவள் பார்ப்பது அண்ணியை. அன்று அந்த இடத்தில் இருந்தது மாமியாரம்மாவின் நாற்காலி என்று எனக்குத் தெரியும்.

"என்னமா பார்க்குறா பாரு" என்றாள் அம்மா, பெருமையாக.